அச்சத்தோடு போனார்கள், உறவோடு திரும்பினார்கள்

தூத்துக்குடிக்கு எதிர்க்கரையில் இலங்கையும் மாலத்தீவும் இருக்கின்றன. செய்திகளில் நமக்குத் தெரிவது ஒரு முகம். கரையேறியவர்கள் கண்டது இன்னொரு முகம்.

கி.பி. 1344. மாலத்தீவிலிருந்து கிளம்பிய மரக்கலம் ஒன்று திசை தவறி அலைந்துகொண்டிருக்கிறது. அது போகவேண்டிய இடம் மாபார், அதாவது அன்றைய பாண்டிய நாட்டுக் கரை. மூன்று நாளில் போய்விடலாம் என்று நம்பி ஏறியவர்களுக்கு ஒன்பதாம் நாள்தான் நிலம் தெரிந்தது. அதுவும் மாபார் இல்லை. வானத்தில் புகைத்தூண்போல ஒரு சிகரம். சிவனொளிபாத மலை. இலங்கை!

கரை கண்ணுக்கெட்டிய தூரத்தில் இருந்தும் கப்பலில் ஒருவர்கூட இறங்கத் தயாராக இல்லை. இந்தத் துறைமுகம் ஆரியச் சக்கரவர்த்தி என்ற மன்னனின் எல்லைக்குள் இருக்கிறது, அவன் கொடியவன், கடற்கொள்ளைக்குக் கப்பல் வைத்திருப்பவன் என்று மாலுமிகள் நடுங்கினார்கள். காற்றோ வலுத்துக்கொண்டிருந்தது. கடலில் இருந்தால் மூழ்கிச் சாக வேண்டும், கரைக்குப் போனால் கொள்ளையனிடம் மாட்ட வேண்டும் என்ற நிலை. அப்போது, தன்னை மட்டும் இறக்கிவிட்டால் மன்னனிடம் பேசி எல்லாருக்கும் அபயம் வாங்கி வருவதாக ஒரு பயணி முன்வந்தார். அவர்தான் மொராக்கோவிலிருந்து உலகம் சுற்றப் புறப்பட்ட இபின் பதூதா.

புத்தளத்தில் அவருக்குக் கிடைத்தது வேறு வரவேற்பு. மன்னன் எழுந்து வந்து, பக்கத்தில் உட்காரவைத்துப் பேசினான். கப்பலில் இருப்பவர்கள் எல்லாரும் பயமில்லாமல் இறங்கலாம், திரும்பிப் போகும்வரை அவர்கள் தன் விருந்தினர் என்றான். அவனுக்குப் பாரசீக மொழி புரிந்தது. பிற நாடுகளின் கதைகளை ஆசையாகக் கேட்டான். ஒருநாள் அவன் முன்னால் முத்துக்கள் குவிந்து கிடந்தன. இப்படிப்பட்ட முத்துக்களை வேறெங்கும் கண்டதுண்டா என்று கேட்டான். இவ்வளவு உயர்ந்தவற்றைக் கண்டதில்லை என்று பயணி சொன்னதும் அவற்றை அவருக்கே கொடுத்துவிட்டான். வேறென்ன வேண்டும் என்ற கேள்விக்கு, மலை உச்சியில் இருக்கும் ஆதமின் பாதச்சுவட்டைத் தரிசிக்க வேண்டும் என்றார் பதூதா. பல்லக்கு, வழி தெரிந்த யோகிகள், அந்தணர்கள், சாப்பாட்டுச் சாமான் சுமக்க ஆட்கள் என்று எல்லாவற்றையும் கொடுத்து அனுப்பிவைத்தான் அந்தக் 'கொடியவன்'. பயணி மலையேறித் திரும்பும்வரை கப்பல்காரர்களுக்கும் மன்னன் செலவிலேயே சாப்பாடு.

இது நடந்து ஏறக்குறைய 680 ஆண்டுகள் ஆகின்றன. மாலத்தீவு, இலங்கையின் மேற்குக் கரை, பாண்டிய நாட்டுக் கடற்கரை ஆகிய இந்த மூன்று முனைகளுக்கும் நடுவேதான் தூத்துக்குடித் தோணிகள் நம் காலம்வரை போய்வந்திருக்கின்றன. எதிர்க்கரையைப் பற்றி இங்கே சொல்லப்படும் பயங்காட்டும் கதைகளும் ஓயவில்லை. போய் இறங்கியவர்களை எதிர்க்கரை வாரி அணைத்துக்கொள்வதும் ஓயவில்லை.

தலைப்புச் செய்திக்குள் அடைபட்ட நாடு

தமிழ்நாட்டில் ஒருவரிடம் இலங்கை என்று சொல்லிப் பாருங்கள். போர், முள்வேலி முகாம், நடுக்கடலில் மீனவர் கைது, பறிமுதல் செய்யப்பட்ட விசைப்படகு என்றுதான் பேச்சு போகும். இவை எதுவும் பொய்யில்லை. ஆனால் இவற்றை மட்டுமே முப்பது நாற்பது ஆண்டுகளாகப் படித்து வளர்ந்த ஒரு தலைமுறைக்கு, அந்தத் தீவில் சாதாரண மனிதர்கள் காலையில் எழுந்து பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிறார்கள் என்பதே மறந்துபோய்விட்டது. முதன்முறையாகக் கொழும்புக்குப் புறப்படும் தூத்துக்குடிக்காரர் வீட்டில் நடக்கும் உரையாடல் எனக்கு மனப்பாடம். "அங்க போய் தமிழ்ல சத்தமாப் பேசிராதீய", "ராத்திரி வெளிய இறங்காதீய", "நெத்தியில திருநீறு வேண்டாம்". நானும் இந்த அறிவுரைகளை எல்லாம் கேட்டுக்கொண்டு போனவன்தான்.

கொழும்பில் இறங்கியதும் அந்த அறிவுரைகளில் ஒன்றுக்குக்கூட வேலை இருக்கவில்லை. செட்டியார் தெருவில் நகைக்கடைப் பலகைகளில் தமிழ். வெள்ளவத்தையில் காய்கறிக்காரர் முதல் வங்கிக் காவலாளி வரை தமிழ் பேசினார்கள். கொச்சிக்கடை அந்தோணியார் கோயிலில் செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் நின்றபோது, எனக்கு முன்னால் சேலை கட்டிய இந்துப் பெண், பின்னால் வெள்ளை உடுத்திய பௌத்த மூதாட்டி. மெழுகுவத்தியை எங்கே ஏற்றுவது என்று தெரியாமல் நான் விழித்ததைப் பார்த்து, அந்த மூதாட்டி சிங்களத்தில் ஏதோ சொல்லி, கையைப் பிடித்து அழைத்துப்போய்க் காட்டினார். 2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் ஞாயிறன்று குண்டு வெடித்த அதே கோயில்தான் அது. அவ்வளவு இழந்த ஒரு கூட்டம், வெளியாளைச் சந்தேகத்தோடு பார்த்திருந்தால் யாரும் குறை சொல்ல முடியாது. அவர்கள் அப்படிப் பார்க்கவில்லை.

கடலோரச் சிங்களக் கத்தோலிக்கர்களின் பெயர்களைக் கேட்கும்போது தூத்துக்குடிக்காரருக்கு இன்னோர் ஆச்சரியம் காத்திருக்கிறது. பர்னாந்து இங்கும் உண்டு, அங்கும் உண்டு. பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் காலத்து ஞானஸ்நானத்தில் இரண்டு கரைக்கும் வந்த பெயர். முத்துக்குளித்துறையிலிருந்து போய்க் கொழும்பிலும் நீர்கொழும்பிலும் குடியேறிய பரதவர்களை இலங்கை அரசின் குடிசனக் கணக்கு 'பரத' என்று தனி இனமாகவே பதிவு செய்கிறது. அவர்களில் பலர் இன்று வீட்டில் சிங்களம் பேசுகிறார்கள். தூத்துக்குடி பனிமய மாதா கோயிலில் ஆகஸ்ட் 5 திருவிழா என்றால் அவர்கள் முகத்தில் ஒரு மலர்ச்சி தெரியும்.

கதிர்காமத்தில் காவடி எடுக்கும் சிங்களர்

தூத்துக்குடி மாவட்டத்துக்காரருக்கு முருகன் என்றால் திருச்செந்தூர். கடலோரச் சண்முகனைப் பார்த்து வளர்ந்தவர்கள் இலங்கையில் கண்டிப்பாகப் போகவேண்டிய இடம் கதிர்காமம். அங்கே போய்த் திரும்பிய யாரைக் கேட்டாலும் முகம் மாறி ஒரு நிமிடம் பேசாமல் இருந்துவிட்டுத்தான் பதில் சொல்கிறார்கள்.

மாணிக்க கங்கையில் குளித்துவிட்டு ஈர உடையோடு வருகிறது கூட்டம். கையில் பழத்தட்டு, தாமரைப்பூ. முக்கால்வாசிப் பேர் சிங்கள பௌத்தர்கள். நமக்கு 'அடுத்த பக்கத்து ஆட்கள்' என்று சொல்லித் தரப்பட்டவர்கள். அவர்கள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு, நேர்ந்துகொண்ட தட்டைத் தலையில் வைத்துக்கொண்டு, நம்முடைய முருகனிடம் வரிசையில் நிற்கிறார்கள். ஆடித் திருவிழாவில் காவடியும் எடுக்கிறார்கள். கருவறை திறப்பதில்லை. முருகனும் வள்ளி தெய்வயானையும் வரையப்பட்ட திரைச்சீலைக்குத்தான் பூசை. அர்ச்சகர் பிராமணரோ குருக்களோ இல்லை, கப்புறாளை எனப்படும் சிங்களப் பூசாரி. வாயைத் துணியால் கட்டிக்கொண்டு, மந்திரம் எதுவும் சொல்லாமல், திரைக்குப் பின்னால் போய் மௌனமாகப் பூசை செய்துவிட்டு வருகிறார். அதே வளாகத்தில் பள்ளிவாசலும் உண்டு. கொஞ்ச தூரம் நடந்தால் கிரிவிகாரை என்னும் வெள்ளைத் தூபி.

திருச்செந்தூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து போய்வந்த ஓர் ஆசிரியை என்னிடம் சொன்னது இது: "வரிசையில எனக்குப் பக்கத்துல நின்ன அம்மா அழுதுகிட்டே கும்பிட்டாவ. ஒரு வார்த்தை புரியல. ஆனா என்ன கேக்காவன்னு எனக்குத் தெரியும். நானும் அதத்தான் கேட்டுக்கிட்டு நின்னேன்." அவருக்குப் பிள்ளை இல்லை. ஊர் திரும்பியபின் இலங்கைச் செய்தி வரும்போதெல்லாம் அந்த முகம்தான் முதலில் நினைவுக்கு வருகிறது என்றார். இந்த ஒரு மாற்றத்துக்காகவே ஒருவர் அந்தப் பயணத்தைச் செய்யலாம் என்பது என் கருத்து.

மே மாதத்து வெசாக் பௌர்ணமியில் போனவர்கள் சொல்வது வேறு அனுபவம். சாலையோரம் எங்கு பார்த்தாலும் தன்சல் பந்தல். போகிற வண்டியை நிறுத்தி, சோறு, கறி, குளிர்பானம், ஐஸ்கிரீம் என்று கையில் கொடுத்துவிட்டுத்தான் விடுகிறார்கள். எந்த ஊர், எந்த மதம் என்ற கேள்வியே கிடையாது. நம் ஊர் அன்னதானத்தைப் பார்த்தவருக்கு அது புதிதாக இருக்காது. அதை அங்கே பார்ப்பதுதான் புதிது.

*

பெட்டிச் செய்தி: மன்னனைச் சுற்றி ஒரு வட்டம்

வெளிநாட்டான் மனத்தை மாற்றியது எதிர்க்கரை மட்டுமில்லை, நம் கரையும்தான். 1290-களில் வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ இந்தப் பக்கம் வந்தார். தாமிரபரணி முகத்துவாரத்தில் இருந்த காயல் துறைமுகத்தை வியந்து எழுதியிருக்கிறார். ஹோர்முஸ், ஏடன் பக்கமிருந்து குதிரைகள் ஏற்றிய கப்பல்கள் அங்கே வந்தன. காயலை ஆண்ட மன்னன் நீதியாக நடப்பவன், வெளிநாட்டு வணிகர்களைப் பாதுகாப்பவன், அதனால்தான் அவர்கள் விரும்பி வருகிறார்கள் என்பது அவர் சாட்சியம்.

இந்நாட்டில் அவரை மலைக்கவைத்த ஒரு வழக்கம் உண்டு. கடன் கொடுத்தவர், கடனாளியைச் சுற்றித் தரையில் ஒரு வட்டம் போட்டுவிட்டால், கடனைத் தீர்க்காமலோ உத்தரவாதம் கொடுக்காமலோ அவர் அந்த வட்டத்தைத் தாண்டக் கூடாது. ஒரு வெளிநாட்டு வணிகருக்குப் பாக்கி வைத்திருந்த மன்னன் குதிரைமேல் இருந்தபோது, அவனைச் சுற்றியே அந்த வணிகர் வட்டம் போட்டதாகவும், பணம் கொடுக்கும்வரை மன்னன் அசையவில்லை என்றும் மார்க்கோ போலோ எழுதுகிறார். தான் நேரில் கண்டதாகவே சொல்கிறார்.

முத்துக்குளிப்பவர்களைப் பெரிய மீன்கள் தாக்காமல் மந்திரத்தால் கட்டுபவர்களுக்கு இருபதில் ஒரு பங்கு முத்து கூலியாகப் போனதும் அவர் எழுத்தில் பதிவாகியிருக்கிறது.

*

தோணிக்காரர்கள் பார்த்த மாலத்தீவு

தூத்துக்குடி பழைய துறைமுகத்தில் மரத்தோணிகள் இன்னும் நிற்கின்றன. வெங்காயம், உருளைக்கிழங்கு, மளிகைச் சாமான், கட்டுமானப் பொருள்கள் ஏற்றிக்கொண்டு மாலத்தீவுக்குப் போகின்றன. மே மாதப் பிற்பகுதியில் தென்மேற்குப் பருவக்காற்று எழும்பினால் ஓட்டம் நின்றுவிடும். காற்று அடங்கியபின் மறுபடி தொடங்கும். கொழும்புக்கு முன்பு வரிசையாகப் போன தோணிகள் இன்று வெகுவாகக் குறைந்துவிட்டன. தோணியை நடத்துபவருக்குத் தண்டல் என்று பெயர்.

கடலிலேயே நரைத்துப்போன ஒரு தண்டலிடம் பேசிக்கொண்டிருந்தேன். "அண்ணாச்சி, மாலேக்கு மொத தடவ போகும்போது பயம் இருந்துச்சா?" என்று கேட்டேன். "இருக்காதா பின்ன? நான் கழுத்துல சிலுவை போட்ட ஆளு. அவிய சட்டம் கடுமைன்னு சொல்லித்தான் அனுப்புனாவ. மாதா படத்தக்கூடப் பெட்டிக்கு அடியில வச்சிருந்தேன்" என்றார். மாலத்தீவு முழுக்க முஸ்லிம் நாடு. மதுவோ பன்றி இறைச்சியோ வழிபாட்டுச் சிலையோ அந்நாட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது. சட்டம் கடுமைதான். ஆனால் அவர் கண்ட மனிதர்கள் கடுமையாக இல்லை. ஒருமுறை இயந்திரம் பழுதாகித் தோணி நின்றபோது, சரக்கு வாங்க வந்த வியாபாரியே மெக்கானிக்கைக் கூட்டி வந்து, சரியாகும்வரை ஆட்களுக்கு வீட்டிலிருந்து மீனும் ரொட்டியும் கொடுத்தனுப்பினாராம். "பேப்பர்ல என்ன சண்டை வந்தாலும், நாம இறங்குனா டீ குடிக்கக் கூப்புடுததுதான் அவியளுக்கு மொத வேலை" என்றார் தண்டல்.

பேப்பர் சண்டை என்று அவர் குறிப்பிட்டது 2024 ஜனவரியில் நடந்தது. மாலத்தீவு துணை அமைச்சர்கள் சிலர் இந்தியப் பிரதமரை இழித்துப் பதிவிட, மாலத்தீவைப் புறக்கணியுங்கள் என்று இந்தியச் சமூக வலைத்தளங்கள் கொதித்தன. அதற்கு முந்தைய ஆண்டு மாலத்தீவுக்கு மிக அதிகமாகப் போன வெளிநாட்டவர் இந்தியர்கள். 2024-இல் அந்த எண்ணிக்கை சடாரென்று சரிந்தது. ஆனால் அந்தத் தீவுகளுக்கு வெங்காயமும் உருளைக்கிழங்கும் வேண்டியிருந்தன, தூத்துக்குடிக்கு வேலை வேண்டியிருந்தது. கொரோனா காலத்தில், 2020 செப்டம்பரில், தூத்துக்குடியிலிருந்து கொச்சி வழியாக மாலேக்கு நேரடிச் சரக்குக் கப்பல் விடப்பட்டதும் அந்தத் தேவையால்தான்.

இபின் பதூதாவுக்கும் மாலத்தீவு வியப்பாகத்தான் இருந்தது. அங்கே அவர் காஜியாக, அதாவது நீதிபதியாக, வேலை பார்த்தார். கதீஜா என்ற பெண் அரசாள்வதை அந்நாட்டின் அதிசயங்களில் ஒன்றாக எழுதினார். புத்தளத்திலிருந்து அவர் மறுபடி மாபாருக்குக் கிளம்பியபோது புயலில் கப்பல் உடைந்தது. உடைந்த கப்பலின் பின்பகுதியைப் பிடித்துக்கொண்டு இரவைக் கழித்தவரை, விடிந்ததும் படகில் வந்து மீட்டவர்கள் நம் கரை மக்கள். தோப்புக்குள் கூட்டிப்போய் மீன் கொடுத்தார்கள். பஞ்சுபோன்ற நாருக்குள் தேன்போல இனிக்கும் ஒரு பழமும் கொடுத்தார்கள். அந்த மரத்திலிருந்து சர்க்கரைபோல ஓர் இனிப்பு செய்கிறார்கள் என்றும் எழுதிவைத்தார். வர்ணனையைப் பார்த்தால் அது பனம்பழமாகவும் கருப்பட்டியாகவும்தான் இருக்க வேண்டும். பனங்காட்டுக்காரர்களான நமக்கு இதைப் படிக்கும்போது ஒரு பெருமை வருகிறது. கரையொதுங்கிய அந்நியனுக்கு வீட்டில் இருந்ததைக் கொடுத்திருக்கிறார்கள் நம் முன்னோர்.

நம் பக்கம் வந்தவர்கள் கண்டது என்ன?

இந்தப் பெருமையோடு நிறுத்திக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. சிங்களக் கத்தோலிக்கர்களுக்கு வேளாங்கண்ணி என்றால் உயிர். ஆண்டுதோறும் வருகிறார்கள். சின்னஞ்சிறு பிள்ளைகளோடு கடலைத் தாண்டி வருகிறார்கள். 2012 செப்டம்பரில் பூண்டி மாதா கோயிலுக்கும் வேளாங்கண்ணிக்கும் வந்திருந்த அத்தகைய யாத்ரிகர்களின் பேருந்துகள் தஞ்சாவூர், திருச்சி வட்டாரத்தில் தாக்கப்பட்டன. இலங்கை அரசு தனி விமானம் அனுப்பி அவர்களை அழைத்துக்கொண்டது. தமிழ்நாட்டுக்குப் போகாதீர்கள் என்று தன் மக்களுக்கு அறிவுறுத்தியது. கொழும்பு வீடுகளிலும் அன்று அதே உரையாடல் நடந்திருக்கும்: அங்கே போய் சிங்களத்தில் சத்தமாகப் பேசாதே.

அந்தக் கோபம் எங்கிருந்து வந்தது என்பது நமக்குத் தெரியாததல்ல. 1983 கலவரமும் அதன்பின் வந்த போரும் லட்சக்கணக்கானவர்களைப் படகேற்றி இந்தக் கரைக்கு அனுப்பின. தூத்துக்குடி மாவட்டத்திலேயே தாளமுத்துநகரிலும் தாப்பாத்தியிலும் ஈழத் தமிழர் முகாம்கள் இருக்கின்றன. அந்த முகாம்களில் பிறந்து, இங்கேயே பள்ளிக்குப் போய், இன்னும் எந்த நாட்டின் குடிமகன் என்று தெரியாத இளைஞர்கள் இருக்கிறார்கள். 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் முடிந்த போரில் காணாமல் போனவர்களின் படத்தை ஏந்தி, தாய்மார்கள் இன்றும் வடக்கில் தெருவோரம் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு மூதாட்டி மெழுகுவத்தி ஏற்ற உதவினார் என்பதற்காக இதையெல்லாம் மறந்துவிட முடியாது, மறக்கவும் கூடாது.

ஆனால் இந்தக் கணக்கைத் தீர்க்கவேண்டியவர்கள் அரசாங்கங்கள். வேளாங்கண்ணிக்குப் பிள்ளை வரம் கேட்டு வந்த நீர்கொழும்புப் பெண்ணிடம் அதை வசூலிப்பது அநியாயம். இந்த வேறுபாடு நேரில் போய்ப் பழகியவர்களுக்குத்தான் தெளிவாகத் தெரிகிறது. கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவில் ஆண்டுக்கு ஒருமுறை இரு நாட்டு மீனவர்களும் ஒரே பந்தலில் உட்கார்ந்து பூசை காண்கிறார்கள். இழுவை மடியால் யாழ்ப்பாணத்து மீனவரின் வலை அறுபடுகிறது என்பதை நம் மீனவர்கள் அவர்கள் வாயாலேயே கேட்கிற இடம் அது. கேட்டவர்கள் முன்புபோல் பேசுவதில்லை.

2022-இல் இலங்கை பொருளாதாரத்தில் விழுந்தபோது இந்தப் பழக்கத்துக்கு ஒரு சோதனை வந்தது. பால்மாவு இல்லை, மருந்து இல்லை, பெட்ரோலுக்கு நாள்கணக்கில் வரிசை. தமிழ்நாடு அரசு 40,000 டன் அரிசியும் 500 டன் பால்மாவும் மருந்துகளும் அனுப்ப முடிவெடுத்தது. முதல் கப்பல் மே மாதம் சென்னையிலிருந்து போனது. ஜூனில் அடுத்த கப்பல் தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகத்திலிருந்து கிளம்பியது. தமிழருக்கு மட்டும் என்று முதலில் எழுந்த பேச்சு மாறி, இலங்கை மக்கள் எல்லாருக்குமாக அந்த அரிசி போய்ச் சேர்ந்தது. அதற்குப்பின் தென்னிலங்கையில் ஆட்டோவில் ஏறி, தமிழ்நாடு என்று ஊரைச் சொன்னவர்கள் பலருக்கும் ஒரு நன்றி கிடைத்திருக்கிறது.

கப்பல் இருந்தால் கதை மாறும்

இப்படிப்பட்ட அனுபவங்கள் ஏன் சிலருக்கு மட்டும் வாய்க்கின்றன? போய்வர வழியில்லாததுதான் காரணம் என்று அடித்துச் சொல்வேன்.

1876-இல் தூத்துக்குடிக்கு ரயில் வந்தது. சென்னையிலிருந்து ரயிலில் வந்து இறங்கி, கடலில் சில மைல் தள்ளி நின்ற நீராவிக் கப்பலுக்குப் படகில் போய் ஏறினால், மறுநாள் கொழும்பு. வணிகர், தேயிலைத் தோட்டத் தொழிலாளி, துறவி, துபாஷ் என்று எல்லாரும் போனார்கள். அந்தத் தடத்தில் ஆங்கிலக் கம்பெனி வைத்ததுதான் சட்டம் என்று இருந்ததை உடைக்கத்தான் வ.உ.சிதம்பரனார் 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கினார். காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்கள் வந்தன. கட்டணப் போட்டியில் ஆங்கிலேயர் இலவசமாகவே ஏற்றுகிறோம் என்னும் அளவுக்கு இறங்கினார்கள். 1908-இல் அவரைச் சிறையில் தள்ளினார்கள், 1911-க்குள் கம்பெனி கலைந்தது. நாம் இந்தக் கதையைத் தேசபக்தியாக மட்டும் படிக்கிறோம். சாதாரண மனிதர் குறைந்த காசில் கொழும்பு போய்வர முடியவேண்டும் என்ற பேச்சும் அதற்குள் இருக்கிறது.

1914-இல் பாம்பன் பாலம் திறந்ததும், கொழும்புக் கப்பலுக்குப் பயணிகளைக் கொண்டுவந்த 'போட் மெயில்' ரயில் தனுஷ்கோடிக்கு மாறியது. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியே போனது. பின்னர் போர் வந்தது. அது முடிந்த இரண்டாண்டில், 2011 ஜூன் 13 அன்று, தூத்துக்குடியிலிருந்து 'ஸ்கோஷியா பிரின்ஸ்' கொழும்புக்குப் புறப்பட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பயணிகள் ஏறக்கூடிய கப்பல். ஏறக்குறைய 152 கடல் மைல், ஓர் இரவுப் பயணம். ஊரே துறைமுகத்தில் நின்று பார்த்தது. ஆனால் இருக்கைகள் நிறையவில்லை, செலவு கட்டுப்படியாகவில்லை. அதே ஆண்டு நவம்பரில் நின்றுபோனது.

அந்தத் தோல்வியைக் காரணம் காட்டியே தூத்துக்குடிக்குக் கப்பல் வேண்டாம் என்கிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. போர் முடிந்து இரண்டே ஆண்டு ஆகியிருந்தது, அச்சம் தணியாத காலம், கப்பலோ மிகப் பெரியது. இன்றைய நிலை வேறு. 2024-இல் இலங்கைக்குப் போன வெளிநாட்டவர் 20 லட்சத்துக்கும் அதிகம். அவர்களில் 4 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இந்தியர்கள், நாடுகளின் வரிசையில் முதலிடம். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் தொடங்கிய சிறிய கப்பல், தொடங்கிய சில நாளில் நின்று, 2024 ஆகஸ்டில் 'சிவகங்கை' என்ற கப்பலோடு மறுபடி ஓடத் தொடங்கியது. சிறிய கப்பலுக்கு ஆட்கள் இருக்கிறார்கள்.

கப்பல் வந்தால் யார் போவார்கள் என்று கேட்பவர்கள் ஒருநாள் தூத்துக்குடியில் சுற்றிப் பார்க்கட்டும். நீர்கொழும்பில் உறவு இருக்கும் குடும்பங்கள், கொழும்புப் புறக்கோட்டையில் சரக்கு எடுக்கும் சிறு வியாபாரிகள், கதிர்காமம் போக ஆசைப்படும் திருச்செந்தூர்ப் பக்தர்கள், பிறந்த ஊரை ஒருமுறை பார்த்துவிட ஏங்கும் முகாம் பெரியவர்கள் எல்லாரும் இங்கேதான் இருக்கிறார்கள். அங்கிருந்து பனிமய மாதா திருவிழாவுக்கும் வேளாங்கண்ணிக்கும் வரக் காத்திருப்பவர்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். விமானத்தில் போகிறவர் ஓட்டல் அறைக்கும் சுற்றுலாப் பேருந்துக்கும் நடுவில் நாட்டைப் பார்க்கிறார். கப்பலில் மூட்டை முடிச்சோடு போகிறவர் மனிதர்களோடு பேசியாக வேண்டும். ஓர் இரவு முழுக்கப் பக்கத்துப் படுக்கைக்காரரோடு கட்டுச்சோற்றைப் பகிர்ந்து தின்ற பிறகு, அவரைப் பற்றி யாரோ சொன்ன கதையை நம்புவது கடினம்.

*

பெட்டிச் செய்தி: முத்து போனது, வழி நின்றது

கொற்கை முத்து கிரேக்க, ரோமானிய எழுத்துகளிலேயே இடம்பெற்றது. தூத்துக்குடிப் பக்கத்து முத்துப்பார்களில் கடைசியாக அரசு நடத்திய முத்துக்குளிப்பு 1961-இல் முடிந்தது. இலங்கைப் பக்கம் சிலாவத்துறை, மரிச்சுக்கட்டி முத்துக்குளிப்புகள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உச்சத்தில் இருந்தன. முத்துக்குளிப்புக் காலத்தில் வெறும் மணற்பரப்பில் திடீரென்று ஒரு நகரமே எழும்பும். தூத்துக்குடிப் பரதவரும் கீழக்கரை முஸ்லிம்களும் பாரசீக வளைகுடாவிலிருந்து வந்த அரபிகளும் யாழ்ப்பாணத்தாரும் அங்கே அடுத்தடுத்த கொட்டகைகளில் தங்கி, ஒரே கடலில் மூழ்கினார்கள்.

*

வழி இருக்கிறது, போய்ப் பாருங்கள்

தூத்துக்குடிக் கப்பல் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. மதுரையிலிருந்து கொழும்புக்கு விமானத்தில் ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான். திருச்சியிலிருந்து 2025 மார்ச் முதல் யாழ்ப்பாணத்துக்கு விமானம் விட்டிருக்கிறார்கள். நாகப்பட்டினத்துக் கப்பலுக்கு வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ஓய்வு. மற்ற மாதங்களில் விசாரித்துப் போகலாம். பாஸ்போர்ட் வேண்டும். நுழைவு அனுமதியை இணையத்திலேயே வாங்கலாம். முதல்முறை போகிறவர்கள் கொழும்போடு திரும்பாமல், ரயிலில் காலி வரைக்கும், பேருந்தில் கதிர்காமத்துக்கும், நேரமிருந்தால் யாழ்ப்பாணத்துக்கும் போங்கள். பேருந்தில் பக்கத்தில் இருப்பவரிடம் நீங்களே முதலில் பேச்சுக் கொடுங்கள்.

மத்திய, மாநில அரசுகளுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் நடுவே நூற்றைம்பது பேர் ஏறக்கூடிய ஒரு சிறிய கப்பலை, முதல் சில ஆண்டுகளுக்கு நட்டத்தை ஏற்றுக்கொண்டாவது, பருவக்காற்று இல்லாத மாதங்களில் ஓட்டுங்கள். தொழிலாளியும் மீனவரும் கொடுக்கக்கூடிய கட்டணமாக அது இருக்கட்டும். தூத்துக்குடித் துறைமுகத்துக்கு 2011-இல் வ.உ.சிதம்பரனாரின் பெயரைச் சூட்டினீர்கள். அவர் ஓட்டியது தூத்துக்குடி–கொழும்புக் கப்பல்.